முன்னால் போகிற குரல்

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டினாற்போல ஓர் ஐஸ் பிளாண்ட் இருக்கிறது. எனக்கு அங்கேதான் வேலை. தகரப் பெட்டிகளில் தண்ணீரை நிரப்பி உப்புநீர்த் தொட்டிக்குள் இறக்குவோம். உறைந்து கட்டியானதும் தூக்கிக் கவிழ்த்து, பொடிக்கிற மெஷினுக்குள் தள்ளுவோம். பொடி குழாய் வழியாகப் படகுகளுக்குள் விழும். வாலிபத்தில் உள்ளே போனவன், தலை நரைத்தும் அதே பெட்டியைத்தான் கவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால் பனி, பனிமலை என்று யாராவது கண்ணை விரித்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். எனக்குத் தெரிந்த பனிக்கட்டிக்கு மீன் வாடை உண்டு, அவ்வளவுதான்.

பிளாண்டில் யாரும் பேசமாட்டார்கள். கம்ப்ரசர் போடுகிற கூப்பாட்டில் பேசினாலும் கேட்காது. கையைக் காட்டுவோம், தலையை ஆட்டுவோம். வேலை முடிந்து மட்டாஞ்சேரிக்குத் திரும்பினால் வீட்டிலும் பேச ஆளில்லை. மனைவி போய் ஒரு மழைக்காலம் கடந்திருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சாயாக்கடையில் “ஒரு சாயா” என்று சொல்வதைத் தவிர வாயைத் திறக்கத் தேவையே இல்லாத நாட்கள் வந்தன. ஒருநாள் குளியலறையில் தொண்டையைச் செருமினேன். என் சத்தத்துக்கு நானே திடுக்கிட்டேன்.

அவளுக்குச் சின்ன வயதிலேயே காய்ச்சலில் பார்வை போய்விட்டது. பஜார் ரோடு தொடங்குகிற முனையில், சாயாக்கடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லாட்டரிச் சீட்டு விற்றாள். காலையில் அவளைக் கொண்டுபோய் அங்கே விட்டுவிட்டுத்தான் நான் தோப்பும்படி பஸ் பிடிப்பேன். சாயங்காலம் அங்கிருந்தே அழைத்து வருவேன். நான் முன்னால் நடப்பேன். அவள் என் வலது தோளில் கை வைத்துப் பின்னால் வருவாள். நான் வாயை மூடாமல் நடப்பேன்.

இந்த நடைக்கு எங்களுக்குள் சட்டதிட்டம் இருந்தது. வாசனை உள்ளது எதையும் நான் சொல்லக் கூடாது. இஞ்சிக் கிடங்கு, மிளகு மண்டி, தேயிலைக் கோடவுன், சாக்கடை, இதெல்லாம் என்னைவிட அவளுக்கு முன்கூட்டியே தெரியும். வாசனை இல்லாததை மட்டும் நான் சொல்லவேண்டும். படி. பள்ளம். தலைக்கு மேல் தார்பாய்க் கயிறு. வழியை அடைத்து நிறுத்திய ஸ்கூட்டர். படுத்திருக்கிற ஆடு. ஆட்டுக்கு வாசனை உண்டே என்பீர்கள். உண்டுதான். ஆனால் பஜார் ரோட்டு ஆடுகள் மிளகு மூட்டையில் உரசி உரசி மிளகாகவே மணக்கும். அதனால் ஆடு என் இலாகாவில் வந்தது. இன்னொன்று, எதையும் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். அவள் கால் பள்ளத்தில் இறங்கினபிறகு நான் “பள்ளம்” என்றால், “கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா?” என்று அவளே சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். எனக்குத்தான் கோபம் வரும். அவள்மேல் இல்லை, ரோட்டின்மேல். “எந்த மடையன் இங்க வண்டிய விட்டான்? எவன் இந்தக் கல்லப் பேத்தான்?” என்று ஏசிக்கொண்டே போவேன்.

கடைசிச் சட்டம் அவள் போட்டது. நான் “வந்தாச்சு” என்று சொல்கிறவரை தோளிலிருந்து கையை எடுக்கமாட்டாள். வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டிருப்போம். அடுப்புப் பக்கம் நாலு எட்டுதான். அவளுக்கும் அது தெரியும். ஆனாலும் கை அப்படியே இருக்கும். சில நாள் வம்புக்கு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அவளும் நிற்பாள். “சொல்லுங்க, கஞ்சி வைக்கணும்” என்பாள். “என்னத்த சொல்லணும்?” என்பேன். “அத சொல்லுங்க.” “எத?” கடைசியில் முதுகில் ஒரு குத்து விழும். அதற்கப்புறம்தான் சொல்வேன்.

ஒரே ஒருமுறை வழி தவறினோம். அது ஒரு திருவிழா நெரிசல். யாரோ இடித்ததில் அவள் கை என் தோளிலிருந்து நழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். “வழி, வழி!” என்று கத்திக்கொண்டே மூட்டை தூக்கிப்போன ஒரு சுமட்டுக்காரருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு இவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த மனுஷன் மூட்டையோடு திரும்பவும் முடியாமல், கையைத் தட்டிவிடவும் மனம் வராமல், மண்டிவரை கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் மூச்சிரைக்க ஓடிப்போய்க் கேட்டதற்கு, “நானும் இதென்ன இன்னைக்கு மரியாதையா வழி சொல்றாரேன்னு நெனச்சேன்” என்றாள். இதைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்கில் என்னைச் சீண்டினாள்.

அவளுடைய கடைசி நாள் ஆஸ்பத்திரியில். தள்ளுவண்டியில் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். நான் பக்கத்தில் நடந்தேன். அவள் கை என் சட்டைத் தோளைப் பிடித்திருந்தது. பழக்கதோஷத்தில் சொல்லிக்கொண்டே போனேன். “இப்ப திருப்பம். இப்ப லிப்ட், கொஞ்சம் குலுங்கும். இப்ப நேரா.” தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு முன்னால் என்னை நிறுத்திவிட்டார்கள். “இனி என்ன?” என்று கேட்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நர்ஸ் அவளுடைய விரல்களை என் சட்டையிலிருந்து மெல்லப் பிரித்து எடுத்தாள். கதவு மூடிக்கொண்டது. வண்டி அவ்வளவு வேகமாக உள்ளே போய்விட்டது. அவள் திரும்பி வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலையில் பார்த்தால், அவள் இடத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் பார்வை இல்லை. கும்பளங்கியிலிருந்து பஸ் மாறித் தனியாக வருகிறார் என்று சாயாக்கடைக்காரர் சொன்னார். அவள் உட்கார்ந்த அதே சிவப்பு ஸ்டூல். சாயாக்கடைக்காரர்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. ஊரில் ஸ்டூலை யாருக்காவது பூட்டிவைப்பார்களா? ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து ரோட்டின் எதிர்ப்புறமாகப் போக ஆரம்பித்தேன். சாயாவையும் வேறு கடைக்கு மாற்றிக்கொண்டேன். அந்தக் கடைச் சாயா கழுநீர்த் தண்ணீர். வீம்புக்குக் குடித்தேன்.

மார்ச் மாதத்தில் ஒரு வார ஓய்வு நாள். புழுக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு போனைத் தள்ளிக்கொண்டிருந்தேன். மாற்றுத்திறனாளிகளுக்கான குளிர்கால விளையாட்டுப் போட்டி தொடங்குகிறது என்று அணிவகுப்பைக் காட்டினார்கள். பெரிய நாடுகள் எறும்புச்சாரி போல வந்துகொண்டே இருந்தன. நடுவில் ஒரு நாடு வந்தது. ஒரு கொடி, இரண்டே பேர். பேரைக் கேட்டுவிட்டு வரைபடத்தில் தேடினேன். விரலை வைத்தால் விரலுக்கடியில் மறைந்துவிடுகிற நாடு. கொடியை ஒரு பெண் பிடித்திருந்தாள். அவளுக்கு முன்னால் ஒருவன் நடந்தான். நடந்துகொண்டே அவன் வாய் அசைந்துகொண்டிருந்தது.

நான் எழுந்து உட்கார்ந்தேன். கையசைக்காமல், கேமராவைப் பார்க்காமல், ஒருவன் வாயை மட்டும் அசைத்துக்கொண்டு முன்னால் போனால் அவன் என்ன சொல்கிறான் என்று எனக்கு யாரும் மொழிபெயர்க்கவேண்டாம்.

அந்த நாட்டுக்கு வீரர் என்று அவள் ஒருத்திதான். இவன் அவளுக்குக் கண். காலில் நீளப் பட்டைகளைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் கோலூன்றி, பனியில் சறுக்கிக்கொண்டு காத தூரம் போகவேண்டிய ஓட்டம். அவன் இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கர் இருக்கும். அதில் வருகிற அவன் குரலைப் பிடித்துக்கொண்டு அவள் பின்னால் வரவேண்டும். தோளில் கை வைக்கிற கதையெல்லாம் அங்கே இல்லை. நான் பார்த்தவரை அவர்கள் தொட்டுக்கொள்ளவில்லை, குரல் மட்டும்தான். அவன் அவளுக்குப் புருஷனா, தம்பியா, சொல்லிக்கொடுப்பவனா என்று தெரியவில்லை. தெரிந்து எனக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை.

முதல் ஓட்டத்தில் அவர்களைக் கொஞ்ச நேரம்தான் காட்டினார்கள். ஒரு வளைவில் பெரிய நாட்டு ஜோடி ஒன்று பக்கத்தில் முந்திக்கொண்டு போனது. இரண்டு ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் பேசின. இவள் தலை லேசாகத் திரும்பியது. பிறகு அந்தப் பெரிய நாட்டுக்காரன் குரலுக்குப் பின்னாலேயே போக ஆரம்பித்துவிட்டாள்.

“அவன் இல்ல! இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் வா!”

நான்தான் கத்தினேன். பக்கத்து வீட்டுச் சேச்சி சுவருக்கு அப்பாலிருந்து “எந்தா, எந்து பற்றி?” என்று குரல் கொடுத்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கிறாள். “ஒண்ணுமில்ல, மொபைலு” என்றேன். அதற்குள் அந்தப் பெண் தடம் மாறி, வேலியில் மோதி, விழுந்திருந்தாள். அவன் திரும்பி ஓடிவந்தான். ஓட்டத்தை முடிக்கவில்லை என்று அவர்கள் பெயருக்கு நேராகக் காட்டினார்கள். எனக்குச் சுமட்டுக்காரர் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. யாரிடமாவது சொல்லவேண்டும் போல இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. அவள் போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை.

இரண்டாவது ஓட்டம் சில நாள் கழித்து. அவளுக்கு அதுதான் மிச்சம். அதையும் முடிக்காவிட்டால், வந்தது, போனது என்று ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். நான் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். மத்தியானம் வீட்டில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. இதைத் தனியாகப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பிளாண்டில் யாரிடம் சொன்னாலும் கிறுக்கன் என்பான். இதெல்லாம் என்னவென்று சொல்லாமலே புரிகிற ஆள் மட்டாஞ்சேரியில் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த ஆளுக்கே அது தெரியாது என்று நினைத்திருந்தேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு பஜார் ரோட்டு முனைக்குப் போனேன். பழைய கடையில் ஒரு சாயா சொல்லிவிட்டு, சிவப்பு ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னவென்று ஆரம்பிப்பது? அவரே ஆரம்பித்தார்.

“ஐஸ் பிளாண்டிலெ சேட்டனல்லே?”

“எப்படி மனசிலாச்சு?”

“மணம். பின்னெ, அப்புறத்தூடெ போகும்போ சேட்டன் காலு ஓங்கிச் சவிட்டும்.”

எதிர்ப்புறமாகப் போகும்போது நான் தரையை ஓங்கி மிதித்துக்கொண்டு நடப்பேனாம். இத்தனை மாதமும் என் கோபத்தைக் காதால் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சீட்டு வாங்கப் போகிற இடத்தில் என் மனைவியை அவருக்குப் பழக்கமாம். “சேச்சி பறஞ்ஞிட்டுண்டு. ரோட்டை வழக்கு பறஞ்ஞு நடக்குந்ந ஆள்” என்றார். ரோட்டைத் திட்டிக்கொண்டே நடக்கிற மனுஷன் என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள்.

போட்டியைப் பற்றிச் சொன்னேன். சின்ன நாடு, இரண்டு பேர், முதல் ஓட்டத்தில் நடந்தது எல்லாம். அவர் சீட்டுப் பலகையை மடக்கிக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டார். “மஞ்ஞில் நடந்நா எங்ஙனெயிருக்கும்?” என்று பனியைப் பற்றிக் கேட்டார்.

“நம்ம பிளாண்ட்ல பொடிக்கிற ஐஸ்தான் சேட்டா. மீன் நாத்தம் மட்டும் இல்ல.”

நான் கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓட்டம் தொடங்கியது. பஸ் சத்தத்தில் என் குரல் அவருக்கு எட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, துழாவி என் தோளில் கை வைத்துக்கொண்டார். வலது தோள். அந்தப் பெண் நீலச் சட்டை போட்டிருக்கிறாள், அவன் மஞ்சள், பின்னால் பச்சை மரங்கள் என்று ஏதோ உளறினேன்.

“நிறம் வேண்டா சேட்டா. வழி பற.”

வழி சொல்ல எனக்கு மலையாளம் வராது. பிறந்து வளர்ந்தது இங்கே என்றாலும் வழி சொன்னதெல்லாம் அவளுக்கு, தமிழில்தான். “தமிழ் மதி” என்றார். தமிழே போதுமாம். அதற்குப் பிறகு எனக்குத் தடையில்லை. “இப்ப நேரா. மேடு வருது. மேட்டுல பக்கவாட்டா கால அகட்டி ஏறுறா. ஏறிட்டா. இனி இறக்கம், இறக்கம், வேகம் ஜாஸ்தி. வலப்பக்கம் திருப்பம். பக்கத்துல வேற ஜோடி வருது. நாசமாப் போறவனே, வாய மூடிட்டுப் போடா. தள்ளிப் போயிட்டான். நேரா.” சாயாக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசிக்கு முந்தின இறக்கத்தில் அவள் விழுந்தாள். பட்டைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. தோளில் இருந்த கை இறுகியது.

“வீணோ?” விழுந்துவிட்டாளா என்று கேட்டார்.

“விழுந்துட்டா. அவன் நின்னுட்டான். தூக்கல. நின்னு பேசிட்டே இருக்கான். மத்தவங்கல்லாம் தாண்டிப் போறாங்க. இவன் வாய் நிக்கல. ஒரு கால மடக்குறா. கோல ஊணுறா. எந்திரிச்சிட்டா. எந்திரிச்சிட்டா சேட்டா!”

மற்றவர்கள் முடித்துக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்கிற நேரத்தில்தான் இவர்கள் மைதானத்துக்குள் வந்தார்கள். கடைசி. எல்லையைத் தாண்டியதும் அவன் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்து நின்றான். அப்போதும் பேச்சை நிறுத்தவில்லை. அவள் அந்தக் குரலை நோக்கி மெல்லச் சறுக்கி வந்து, அவன் மார்பில் முட்டி நின்றாள். அதற்குப் பிறகுதான் அவன் வாய் மூடியது.

“எந்தாயி? சேட்டா, எந்தாயி?”

“வந்தாச்சு” என்றேன்.

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்துவிட்டார். எடுத்து, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, இரண்டு சாயா சொன்னார். சாதாரணமாக எல்லோரும் செய்கிறதுதான். எனக்கு மட்டும் தோள் சில்லென்று ஆகிவிட்டது.

சாயங்காலம் அவர் கிளம்பும்போது, பஸ் ஸ்டாப்வரை நான் வருகிறேன், பின்னால் தோளைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் கோலை நீட்டித் தரையைத் தட்டிப் பார்த்தார்.

“வேண்டா சேட்டா. எனிக்கு வழி அறியாம். சேட்டன் மிண்டியா எனிக்கு தெற்றும்.”

வழி அவருக்குத் தெரியுமாம். பக்கத்தில் ஒருவர் பேசினால்தான் தவறிவிடுமாம். கோல் தட்டுகிற சத்தம்தான் அவருக்குக் கணக்கு. சிரித்துக்கொண்டே, நாளைக்கும் வரச்சொல்லிவிட்டுப் போனார். தார்பாய்க் கயிற்றுக்குச் சரியாகக் குனிந்தார். படுத்திருந்த ஆட்டைச் சுற்றிக்கொண்டு போனார். என் குரலுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அவர்மேல் கோபம் வரவில்லை. இவ்வளவு நேரம் பேசிவிட்டுத் திரும்பவும் தனியாக நிற்பது, பேசாமலே இருந்ததைவிட மோசமாக இருந்தது.

இஞ்சிக் கிடங்கு, மிளகு மண்டி தாண்டி வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தேன். படி. பள்ளம். ஸ்கூட்டர், எவனோ ஒரு மடையன். கதவைத் திறந்து உள்ளே போய், அடுப்புக்குப் பக்கத்தில் நின்றேன். கேட்ட மாதிரியே இருந்தது, “சொல்லுங்க, கஞ்சி வைக்கணும்” என்று. மத்தியானம் யாரோ ஒருவருக்குச் சொன்னேனே, அந்த ஒரு வார்த்தைதான். வாய்வரை வந்துவிட்டது.

சொல்லவில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவாள்.